‘வெரி குட் பிளஸ்’ஸோடு ஆறு வருடம்

போன வாரம் என் ரெக்கார்டு பிளேயருக்கு முள் மாற்றினேன். அன்றைக்குப் பார்த்துத் தேவகோட்டைத் தம்பி ஒருவன் போன் போட்டான். "அண்ணே, லெட் செப்பலின் ராக் பேண்டோட நாலாவது ஆல்பம் ஒண்ணு வெரி குட் பிளஸ்னு போட்டு விக்கிறாங்க. வாங்கலாமா?" ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். என்னால் முடியவில்லை. அந்த மூன்று சொல்லோடு எனக்கு ஆறு வருடப் பகை.

பழைய ராக் பிளேட் (இசைத்தட்டு) வாங்குகிறவர்களுக்கு கோல்டுமைன் கிரேடுகளை, அதாவது அந்தப் பெயருள்ள அமெரிக்க இதழ் வகுத்த தர வரிசையை, நான் விளக்கத் தேவையில்லை. மின்ட், அதாவது புத்தம் புதுசு, நியர் மின்ட், அடுத்தது இது. இதற்கும் கீழே வெரி குட், குட், கடைசியில் புவர். நியர் மின்ட் விலையில் பாதி என்பது கணக்கு. லேசாக உரசல் இருக்கலாம், நடு ஓட்டையைச் சுற்றிக் கம்பி தடவிய தடம் இருக்கலாம், கொஞ்சம் வளைந்துகூட இருக்கலாம். ஆனால் ஓடவிட்டால் இதெல்லாம் காதுக்குத் தெரியக் கூடாது. விற்கிறவர்களுக்கு மறந்துபோவது இந்தக் கடைசி நிபந்தனைதான். பார்த்துக் கிரேடு போடுகிறார்கள், போட்டுக் கேட்பதில்லை. (‘குட்’ என்று மட்டும் எழுதியிருந்தால் கிட்டவே போகாதீர்கள். கல்யாண வீட்டில் "சாப்பாடு ஒண்ணும் குறையில்லை" என்போமே, அந்த நல்லதுதான் இந்த நல்லது.)

கண்ணால் பார்ப்பதில் நான் ஒன்றும் குறைந்தவனில்லை. எங்கள் வீட்டு வளவில் பதினொரு மணி வெயில் இறங்கும்போது பிளேட்டைச் சாய்த்துப் பிடித்தால் மயிரிழைக் கீறலும் எழுந்து நிற்கும். எந்த டியூப்லைட்டும் அதற்கு ஈடில்லை. பார்த்த கையோடு நிழலுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வெயிலில் அப்பளமாக வளைந்துவிடும். ஆனால் அந்த வெயிலும் காட்டாத ஒரு சேதம் உண்டு. 70களில் வீடுகளில் இருந்த பெட்டி பிளேயர்களில் செராமிக் கார்ட்ரிட்ஜ் (முள்ளைப் பிடித்திருக்கும் பாகம்) இருக்கும். இன்றைய காந்தக் கார்ட்ரிட்ஜ் இரண்டு கிராம் பாரத்தில் ஓடுகிறது என்றால், அது நாலைந்து கிராமில் அழுத்தும். அதிலும் தேய்ந்த முள்ளையே வருடக்கணக்கில் ஓட்டியிருப்பார்கள். பாட்டு பதிந்திருக்கும் பள்ளத்தின் சுவர் உள்ளுக்குள் சிதைந்திருக்கும், மேலே கண்ணாடி மாதிரி மின்னும். படம் எடுத்துப் போட்டால் நியர் மின்ட் என்றே சத்தியம் செய்யலாம்.

இதைக் கண்டுபிடிக்க லெட் செப்பலினின் அந்த 1971 ஆல்பத்தைவிட நல்ல சோதனைச்சாலை கிடையாது. முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு ‘ஸ்டேர்வே டு ஹெவன்’, எட்டு நிமிடம். வெறும் கிடாரும் ரெக்கார்டர் குழலுமாக ஆரம்பிக்கும். தூசி, கீறல், டிக் டிக் எல்லாம் அந்த மௌனத்தில் மாட்டிக்கொள்ளும். முடியும்போது மொத்த பேண்டும் ஓங்கி அடிக்கும். அதற்குள் முள் லேபிளை நெருங்கியிருக்கும். சுற்று என்னவோ நிமிடத்துக்கு அதே 33⅓தான், ஆனால் விளிம்பில் நொடிக்கு 50 செ.மீ. ஓடிய பள்ளம் அங்கே பாதி வேகம்கூட ஓடுவதில்லை. அத்தனை சத்தத்தையும் அந்தக் குறுகின இடத்தில் நெருக்கி வெட்டியிருக்கிறார்கள். தேய்ந்த பிளேட்டாக இருந்தால் பாடகர் ராபர்ட் பிளான்ட்டின் குரல் தகர டப்பாவுக்குள் இருந்து வருகிற மாதிரி கரகரக்கும்.

என்னுடையது கரகரத்தது. நாலு வருடத்துக்கு முன் சென்னையில் ஒருவரிடம் வெரி குட் பிளஸ் என்று நம்பி வாங்கியது. போனில் சண்டை போட்டு 700 ரூபாய் திருப்பி வாங்கினேன். பிளேட்டுகளுக்கு நானே கிரேடு போட்டு வைக்கும் நோட்டில் ‘வெரி குட், அதுவும் தாராளமாகப் போட்டால்’ என்று சிவப்பு மையில் எழுதி வைத்தேன்.

இதற்கு நேர் எதிர், காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு. பழைய சாமான் கடைகளில் எனாமல் தூக்குக்கும் மரப் பெட்டிக்கும் அடியில் பிளேட்டுகள் படுத்துக் கிடக்கும். கிரேடு என்ற பேச்சே இல்லை. உறையில் வட்டமாகத் தேய்ந்திருக்கும், ஓரத்தைக் கரையான் ருசி பார்த்திருக்கும், யாரோ ஒரு ஆச்சியின் பெயர் பேனாவில் இருக்கும். அங்கேதான் கல்கத்தா பக்கத்து டம் டம்மில் அச்சான பீட்டில்ஸின் ‘அபி ரோடு’ கிடைத்தது. பார்வைக்கு ‘புவர்’. வீட்டுக்கு வந்து டிஸ்டில்டு வாட்டரில் கொஞ்சம் ஐசோபுரொபைல் ஆல்கஹால் கலந்து கழுவினேன். (78 சுற்று ஓடும் பழைய அரக்குப் பிளேட்டில் இதைச் செய்துவிடாதீர்கள். ஆல்கஹால் பட்டால் அரக்கு கரையும். ஐயா காலத்து 78 ஒன்றை அப்படித்தான் நான் சாகடித்தேன். ஆத்தா இன்னும் சொல்லிக்காட்டுகிறார்.) கறுப்புத் தண்ணீர் இறங்கிய பிறகு அது பாடிய பாட்டு இருக்கிறதே! யாரும் போட்டுக் கேட்காமல் பெட்டியில் கிடந்த பிளேட். அழுக்கே அதற்குக் காவல். முதல் பக்கம் கடைசியில் கிடார் சுழன்று சுழன்று ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று அறுந்தது. கரண்டு போய்விட்டது என்று எழுந்து ஃபேனைப் பார்த்தேன். அது ஓடிக்கொண்டிருந்தது. பாட்டே அப்படித்தானாம்.

ஆக, கிரேடு என்பது ஏமாற்று, குப்பைதான் பொக்கிஷம் என்று போன வாரம் வரைக்கும் பேசிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் இந்த முள். பழையது ஆறு வருடம் ஓடியது. வழக்கமாக 500 மணி நேரம், மிஞ்சினால் 1,000 என்பார்கள். நான் கணக்கே வைக்கவில்லை. கழற்றிய முள்ளைக் கடைக்காரர் லென்ஸில் காட்டினார். நுனி ஒருபக்கமாகச் சப்பையாக இருந்தது. அது உருண்டை முனை, புதியது நீள்வட்ட முனை. பள்ளத்தில் வேறு இடத்தைத் தொடுகிறது. அன்று ராத்திரி முதலில் போட்டது அந்த லெட் செப்பலினைத்தான். தகர டப்பா போய்விட்டது. முழுக்க இல்லை, முக்கால்வாசி.

அப்படியானால் நோட்டில் சிவப்பு மையில் எழுதியதெல்லாம் பிளேட்டுக்குப் போட்ட கிரேடா, என் முள்ளுக்குப் போட்ட கிரேடா? அதைவிட, அந்தச் சப்பை முள்ளால் இத்தனை நாள் நானே எத்தனை பள்ளத்தைச் செதுக்கினேன்? அறுபது பிளேட்டுக்கு மேல் இருக்கிறது. இதுவரை ஒன்பதுதான் திரும்பக் கேட்டிருக்கிறேன். இரண்டு ஏறியது, ஒன்று இறங்கியது. இப்போது பென்சிலில்தான் எழுதுகிறேன்.

தம்பிக்குப் பதில்: கோல்டுமைன் அளவுகோலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வரிக்கு வரி யோசித்து எழுதியிருக்கிறார்கள், அதைவிட நல்லது என் கண்ணில் படவில்லை. நீ அதை நம்பி வாங்காதே. முதல் பக்கத்தின் கடைசி இரண்டு நிமிடத்தை ஓடவிட்டு வீடியோ அனுப்பச் சொல், எந்த முள் என்றும் கேள். அனுப்ப மாட்டேன் என்றால் விட்டுவிடு, ஞாயிற்றுக்கிழமை முனீஸ்வரன் கோவில் தெருவுக்கு வா.

அந்த 700 ரூபாயைத் திருப்பி அனுப்பச் சொல்லி வீட்டில் ஒரு குரல் கேட்டது. இப்போதைக்கு இல்லை. இரண்டாம் பக்கத்தில் டிக் டிக் அப்படியேதான் இருக்கிறது.