செலவு பிரிக்கும் ஆப்: மளிகை வாங்கியவருக்குக் காசு வராத கணக்கு

கோவையில் பீளமேட்டிலும் சரவணம்பட்டியிலும் நாலு பேராகச் சேர்ந்து வீடு எடுக்கிறவர்கள், "செலவு பிரிக்க அந்த ஆப்பைப் போடலாமாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். குழு தொடங்குவதும் செலவைப் பதிவதும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மாதக்கணக்கில் ஓட்டிய பிறகுதான் தெரிகிற சங்கடம் ஒன்று உண்டு. கடனைச் சுருக்கும் வசதி என்று ஒன்று அதில் இருக்கிறது: யார் யாருக்குத் தர வேண்டும் என்பதை மாற்றி, பரிமாற்றங்களின் எண்ணிக்கையைக் குறைப்பது. வீட்டுக் கணக்கைக் கெடுப்பது அதுதான்.

நாலு பேர் வீடு என்று வையுங்கள். ஒருவர் வாடகை 16,000 கட்டுகிறார். இன்னொருவர் மளிகை 4,800 வாங்குகிறார். மூன்றாமவர் பாலும் கேஸும் தண்ணீர் கேனுமாக 2,400 செலவழிக்கிறார். நாலாமவர் இந்த மாதம் எதுவும் போடவில்லை. மொத்தம் 23,200, தலைக்கு 5,800. வாடகை கட்டியவருக்கு 10,200 வர வேண்டும். மளிகைக்காரர் 1,000, பால்காரர் 3,400, நாலாமவர் 5,800 தர வேண்டும். சுருக்கும் வசதி ஆனில் இருந்தால் மூன்று பேரும் வாடகைக்காரருக்கே அனுப்பச் சொல்லும். ஆறு பரிமாற்றம் மூன்றாகிவிடும். கூட்டல் கழித்தலில் ஒரு பைசா தப்பில்லை.

தப்பு எங்கே என்றால், நாலாமவர் காசு தர இழுத்தடிக்கும்போது. சுருக்காமல் விட்டால் அவர் வாடகைக்காரருக்கு 4,000, மளிகைக்காரருக்கு 1,200, பால்காரருக்கு 600 பாக்கி. மூன்று பேரும் கேட்பார்கள். சுருக்கினால் 5,800 முழுவதும் வாடகைக்காரர் தலையில். மற்ற இருவருக்கும் திரையில் அவரோடு பாக்கியே இல்லை, அவர்கள் ஏன் கேட்கப் போகிறார்கள்? ஏற்கெனவே பெரிய தொகையைப் போட்டவர்தான் வசூலுக்கும் அலைய வேண்டும்.

திருப்பூர்ப் பக்கம் இது இன்னும் மோசம். பனியன் கம்பெனியில் சனிக்கிழமை வாரச் சம்பளம் வாங்குகிறவரும் மாதச் சம்பளக்காரரும் ஒரே வீட்டில் இருப்பார்கள். மளிகை வாங்குகிறவருக்குச் சனிக்கிழமை காசு வந்தால்தான் ஞாயிற்றுக்கிழமை காய்கறியும் கறியும் வாங்க முடியும். அந்தக் காசை ஆப் வாடகைக்காரருக்குத் திருப்பிவிடுகிறது. மொய் நோட்டில் யார் எழுதினாரோ அவருக்குத்தான் திருப்பிச் செய்வோம், அவருக்குப் பதிலாக வேறொருவருக்குச் செய்து நேர் பண்ண மாட்டோம். கூட்டு வீட்டுக் கணக்கும் அப்படித்தான் நடக்க வேண்டும்.

இதையெல்லாம் சொன்னாலும், பங்குக் கணக்கில் இந்த ஆப்பை மிஞ்ச ஆளில்லை. ஊர் நோம்பிக்குப் போன ஆள் மாதத்தில் 18 நாள்தான் வீட்டில் சாப்பிட்டார், மற்ற மூவரும் 30 நாள் என்றால், பங்கு முறையில் 30, 30, 30, 18 என்று போட்டால் போதும். மொத்தம் 108 பங்கு. சாப்பாட்டுச் செலவு 4,860 என்றால் பங்குக்கு 45 ரூபாய்: மூவருக்கும் 1,350, அவருக்கு 810. நோட்டில் இதைப் போட உட்கார்ந்தால் சண்டையில் முடியும். இங்கே யாரும் வாய் திறப்பதில்லை. பாலுக்கும் மளிகைக்கும் மட்டும் இப்படிப் போடுங்கள், வாடகையும் இன்டர்நெட்டும் சமமாகவே இருக்கட்டும். புரட்டாசியில் கறி சாப்பிடாதவரை அந்த ஒரு செலவில் மட்டும் டிக் எடுத்துவிடலாம். இந்த ஒரு வசதிக்காகவே இதற்குக் காசு கொடுக்கலாம்.

கரண்ட் பில்லில் ஆப் உதவாது, அதற்குத் தெரிவது தொகை மட்டும். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால், 2022-ல் வந்த கட்டண அமைப்பில், 101 முதல் 200 வரையிலான குறைந்த விலையும் போய்விடும். ஒருவர் அறை ஏசியால் எல்லோர் பில்லும் ஏறும். ஏசி லைனுக்குத் தனி மீட்டர் வைத்து, ரீடிங் எடுக்க ஆள் வரும் அன்றே அதையும் குறியுங்கள். மின்வாரியத் தளத்தின் கட்டணக் கணக்கீட்டில் மொத்த யூனிட்டை ஒரு முறையும், ஏசி யூனிட்டைக் கழித்து ஒரு முறையும் போட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஏசிக்காரருடையது, மீதியைச் சமமாகப் பதியலாம்.

பைசல் பண்ணும்போதுதான் அதிகம் குழம்புகிறது. பைசல் என்ற பொத்தானை அழுத்தினால் பணம் போகாது, பதிவு மட்டும்தான் விழும். ஜிபேயில் அனுப்பியவரும் பதிந்து, வாங்கியவரும் பதிந்தால் ஒரே 1,200 இரண்டு தரம் ஏறி, கொடுத்தவருக்கே பாக்கி வர வேண்டும் என்று காட்டும். வாங்கியவர் மட்டுமே பதிய வேண்டும் என்று முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள். பைசல் ஆன மாதத்தின் செலவைத் திருத்தவும் கூடாது. பழைய மாதத்துக்குப் பூட்டு எதுவும் இல்லாததால், திருத்தினால் இன்றைய பாக்கி மாறிவிடும். வித்தியாசத்தை மட்டும் புதுச் செலவாகப் போட்டு, எந்த மாதத்துத் திருத்தம் என்று எழுதிவிடுங்கள். வீட்டு அட்வான்ஸைச் செலவாகப் பதியவே வேண்டாம். அது திரும்பி வரும் பணம். ஒருவர் வீடு மாறும்போது புதிதாக வருகிறவர் அவருக்கு நேராகக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது.

வால்பாறைக்கோ டாப்சிலிப்புக்கோ இரண்டு நாள் போய்வரும் கூட்டத்துக்குச் சுருக்கும் வசதி அருமை. பெட்ரோல், ரூம், சாப்பாடு எல்லாம் ஞாயிறு ராத்திரியே இரண்டு மூன்று பரிமாற்றத்தில் முடிந்துவிடும், இழுத்தடிக்க நேரமே இருக்காது.

வீட்டுக்கோ, நான் வேண்டாம் என்றே சொல்வேன். நாள் பங்கு அவ்வளவு நன்றாக இருந்தும்தான் சொல்கிறேன். சுருக்கும் வசதியை அணைத்து வைத்தாலும், குழுவில் யார் வேண்டுமானாலும் திரும்ப ஆன் பண்ணலாம், பண்ணினால் எல்லோர் கணக்கும் அந்த நிமிடமே மாறும். வாடகையைச் சுமக்கிற ஒரு ஆளை இப்படித் தனியாக நிறுத்துகிற ஆப்பை எப்படிப் பரிந்துரைப்பது? ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருக்கிறவர்கள் மாதக் கடைசியில் எல்லாப் பாக்கியையும் பைசல் பண்ணிப் பூஜ்யம் ஆக்கிவிட்டு, பிறகு அதை அணையுங்கள். நடு மாதத்தில் அணைத்தால் நேற்று வரை ஒருவருக்குக் காட்டிய பாக்கி இன்று மூன்று பேர் பெயரில் வந்து நிற்கும்.