அப்பாவின் கேசட்டுகளுக்கு ஏற்ற சந்தா எது?

மாதத்துக்கு ஒன்றாக மூன்று இசைச் செயலிகளுக்குச் சந்தா கட்டிக் கேட்டுப் பார்த்தேன்: ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக், யூடியூப் மியூசிக். இப்போது யூடியூப் மியூசிக்கை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறேன். என் தேவை எல்லோருக்கும் பொருந்தாது. ஆனால் வீட்டில் பழைய ஒலிநாடா வைத்திருப்பவர்களுக்கு நிச்சயம் பொருந்தும்.

முதலில் பொதுவானவற்றை முடித்துவிடுகிறேன். மூன்றிலும் 10 கோடிப் பாடல்கள் இருப்பதாகச் சொல்கிறார்கள். திரைப்பாட்டுக் கேட்பவருக்கு எதை எடுத்தாலும் குறையிருக்காது. மூன்றும் ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் இயங்கும். ஆறு பேர் வரை சேரும் குடும்பச் சந்தா ஆப்பிள் மியூசிக்கிலும் யூடியூப் மியூசிக்கிலும் உண்டு. அதை நான் எடுத்துப் பார்க்கவில்லை. கட்டணம் அடிக்கடி மாறுவதால் சேரும் நாளில் பார்த்துக்கொள்ளுங்கள். இலவச மாதம் முடிந்து பணம் தானாகப் பிடிக்கப்படுவதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக உங்களுக்கு அறிவிப்பு வரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்தக் குறுஞ்செய்தியைப் படிக்காமல் அழித்துவிடாதீர்கள்.

இனி என் விஷயம். அப்பா விட்டுச்சென்ற பெட்டியில் 53 கேசட்டுகள் இருந்தன. பாதிக்கு மேல் திருச்சி வானொலியிலிருந்து பதிவு செய்தவை. மற்றவை ஊர்த் திருவிழாக்களில் டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போய்ப் பிடித்தவை. அவற்றில் ஒன்று, 1988 வைகாசியில் சுவாமி புறப்பாட்டின்போது வாசித்த மல்லாரி. கம்பீர நாட்டை ராகத்தில் நாகசுரம் எழும்பும்போது பின்னால் வாணவெடி கேட்கிறது. யாரையோ சற்று நகர்ந்து நிற்கச் சொல்லும் அப்பாவின் குரலும் மூன்று விநாடி கேட்கிறது. 10 கோடிப் பாடல்களில் இது இருக்கப்போவதில்லை.

டேப் ரெக்கார்டரின் ஹெட்போன் துளையிலிருந்து கணினிக்கு ஒரு கம்பி, ஆடாசிட்டி என்னும் இலவச மென்பொருள், இவ்வளவுதான் வேண்டியிருந்தது. 60 நிமிடக் கேசட்டை மாற்ற 60 நிமிடம் ஆகும், அதில் குறுக்குவழி கிடையாது. அரை வருடத்தில் 41 கேசட்டுகளை முடித்தேன். அதன் பிறகுதான் சந்தாவைப் பற்றி யோசித்தேன். ஒவ்வொரு செயலியிடமும் நான் கேட்டவை இரண்டே கேள்விகள். என் பதிவுகளை ஏற்றுக்கொள்வாயா? நான் பணம் கட்டுவதை நிறுத்தினால் அவை என்ன ஆகும்?

ஸ்பாட்டிஃபை நம் கருவியில் உள்ள கோப்புகளைத் தன் செயலிக்குள் ஒலிக்கவிடும். ஆனால் அவற்றைத் தன்னிடம் வாங்கி வைத்துக்கொள்ளாது. கணினியில் இருக்கும் மல்லாரி கைப்பேசிக்கு வரவேண்டுமானால் கோப்பும் அங்கே வந்தாக வேண்டும். கைப்பேசியையே ரிமோட் போல வைத்துக்கொண்டு கூடத்து ஸ்பீக்கரை இயக்கும் வசதி மிக அருமை. அதற்காகவே அதை எடுப்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆப்பிள் மியூசிக் வாங்கி வைத்துக்கொள்ளும், ஒரு லட்சம் பாடல்கள் வரை. தன் பட்டியலில் அதே பாடல் இருந்தால் அதைக் கொடுக்கும், இல்லாவிட்டால் நம் கோப்பையே மேலேற்றும். ஆனால் அந்த வசதி சந்தாவோடு கட்டப்பட்டது. சந்தா நின்றால் அதுவும் நின்றுவிடும். ஒலித் தரத்தில் இதுதான் முந்தி நிற்கிறது. 2021 முதல், தரம் குறைக்காத ஒலியைக் கூடுதல் கட்டணமின்றித் தருகிறது. ஆனால் சாதாரண புளூடூத் ஹெட்போனில் அந்தத் தரம் முழுமையாக வந்து சேராது. கம்பி ஹெட்போன் வேண்டும். தங்கையின் ஹெட்போனில் ஒரு மாலை வீணை கேட்டபோது தந்தி அதிர்ந்து அடங்குவது வரை தெளிவாக இருந்தது போலத் தோன்றியது. ஒரே ஒரு மாலை அனுபவத்தை வைத்து அதற்கு மேல் சொல்வது நேர்மையாகாது.

யூடியூப் மியூசிக்கும் ஒரு லட்சம் பாடல்கள் வரை ஏற்றுக்கொள்கிறது. கணினியின் உலாவி வழியாகத்தான் ஏற்ற முடியும். 41 கேசட்டுகளையும் இரண்டு இரவுகளில் ஏற்றிவிட்டேன். என் முடிவைத் தீர்மானித்தது இதற்கு அடுத்த விஷயம்: நாமே ஏற்றிய பாடல்களைக் கேட்கச் சந்தாவே தேவையில்லை. விளம்பரம் குறுக்கிடாது, திரையை அணைத்துவிட்டும் கேட்கலாம். நாளை வேலை போய், முதலில் வெட்டும் செலவு இதுவாகவே இருந்தாலும், மல்லாரி என் கைப்பேசியில் இருக்கும்.

இன்னொரு லாபமும் கிடைத்தது. ரசிகர்கள் யூடியூபில் போட்டுவைத்த பழைய கச்சேரிகள் இந்தச் செயலியின் தேடலிலேயே வருகின்றன. நிறுவனங்கள் இசைத்தட்டாக வெளியிடாத எத்தனையோ தோடிகளும் கல்யாணிகளும் அங்கே கிடக்கின்றன. போட்டவர் எடுத்துவிட்டால் காணாமல் போய்விடும் என்பதால் பிடித்ததைத் தள்ளிப்போடாமல் கேட்டுவிடுகிறேன்.

குறைகளும் உண்டு. ஒலித் தரம் விநாடிக்கு 256 கிலோபிட்டோடு நிற்கிறது. இரைச்சலோடு பிறந்த என் கேசட்டுகளுக்கு அதுவே போதும். நல்ல ஸ்பீக்கர் வாங்கி வைத்திருப்பவருக்குப் போதாது. நாம் ஏற்றியதை நம் கணக்கில் மட்டுமே கேட்க முடியும் என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். குடும்பச் சந்தா எடுத்தாலும் அம்மாவின் கணக்குக்கு அவை போகாது. அதனால் அம்மாவின் கைப்பேசியில் என் கணக்கையே திறந்து கொடுத்திருக்கிறேன்.

எந்தச் செயலியையும் பெட்டகமாக நம்பிவிடவும் கூடாது. கூகுள் பிளே மியூசிக் 2020-இல் மூடப்பட்டபோது, ஏற்றிவைத்திருந்தவர்கள் எல்லாவற்றையும் இடம் மாற்ற வேண்டியிருந்தது. விங்க் மியூசிக்கும் 2024-இல் மூடப்பட்டது. எனவே இரண்டு ஹார்டு டிஸ்க்குகளில் நகல் எடுத்து, ஒன்றைத் தங்கை வீட்டில் வைத்திருக்கிறேன்.

கட்டணச் சந்தாவை மார்கழி முடியும் வரை தொடர்வேன். பூஞ்சை பிடித்த 12 கேசட்டுகள் இன்னும் பெட்டியில் இருக்கின்றன. அவற்றைச் சுத்தம் செய்யத் தெரிந்த ஒருவர் கும்பகோணத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். அடுத்த வாரம் எடுத்துக்கொண்டு போகிறேன்.