இஸ்லாத்தை மட்டும் கேட்பதா, எல்லா மதங்களையும் கேட்பதா?

ஒருபாலீர்ப்பாளர்களை ஒடுக்குவதற்காக இஸ்லாத்தை மட்டும் கேள்வி கேட்பதா, எல்லா மதங்களையும் கேள்வி கேட்பதா? அவர்களுக்காகப் பேச வருபவர்கள் தடுமாறும் இடம் இது.

உண்மை
இஸ்லாத்தை மட்டும்: பாதிதான் சரி. ஈரானில் ஒருபாலுறவுக்கு மரண தண்டனை இருக்கிறது, மறுக்க முடியாது.
எல்லாரையும்: இந்தியாவில் ஒருபாலுறவைக் குற்றமாக்கிய 377ஆம் சட்டப்பிரிவு 1860இல் பிரிட்டிஷ் ஆட்சி தந்தது. அதைத் தளர்த்திய டெல்லி உயர் நீதிமன்றத்தின் 2009 தீர்ப்பை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனவர்களில் முஸ்லிம் தனிநபர் சட்ட வாரியமும் உண்டு, கிறிஸ்தவ சபைக் கூட்டமைப்பும் உண்டு, இந்து அமைப்புகளும் உண்டு.

பாதிப்பு
இஸ்லாத்தை மட்டும்: ஒருபாலீர்ப்புள்ள முஸ்லிம் இளைஞனுக்கு இரட்டை அடி. வீட்டில் ஏச்சு, வெளியே வாடகைக்குக் கேட்டால் “பாய்களுக்கு வீடு கிடையாது.”
எல்லாரையும்: அவன் தன் மதத்துக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

சுலபம்
முதல் வழிக்கு உடனே கைதட்டல். அடுத்ததில் நம் வீட்டுப் பெரியவர்களிடமும் கேட்டாக வேண்டும்.

ஈரான் சட்டம்தான் பேச்சு என்றால் அந்த அரசைப் பெயர் சொல்லிக் கண்டியுங்கள். பக்கத்து வீட்டு முஸ்லிமைப் பற்றிய பேச்சு என்றால் இரண்டாவதே சரி.