பழனி மலையடிவார செல்போன் கவுண்டர்: 5 ரூபாய்க்கு ஒரு நல்ல தரிசனம்

பழனிக்குப் போகிறவர்கள் ரோப் கார் எப்படி, தங்க ரூம் கிடைக்குமா என்றுதான் வழக்கமாகக் கேட்பார்கள். நான் எழுதப்போவது அடிவாரத்தில் செல்போனை வாங்கி வைக்கும் கவுண்டரைப் பற்றி. அந்தக் கோயிலில் பக்தர்களுக்கு இருக்கும் வசதிகளிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான்.

2023 அக்டோபர் 1 முதல் மலைக்கோயிலுக்குள் செல்போனும் கேமராவும் கொண்டுபோகக் கூடாது. அதற்கு முந்தைய ஆண்டு டிசம்பரிலேயே, திருச்செந்தூர் கோயில் தொடர்பான வழக்கில், தமிழ்நாட்டுக் கோயில்களில் செல்போனுக்குத் தடை விதிக்கச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டிருந்தது. படிப்பாதை, வின்ச் (இழுவை ரயில்), ரோப் கார் என்று மேலே போகிற மூன்று வழியிலும் கீழேயே கவுண்டர் உண்டு. ஒரு போனுக்கு 5 ரூபாய். கொடுத்தால் ரசீது தருவார்கள், இறங்கி வந்து ரசீதைக் காட்டி வாங்கிக்கொள்ளலாம். நாங்கள் போன அன்று நல்ல கூட்டம், ஆனாலும் வரிசை மளமளவென்று நகர்ந்தது.

கவுண்டருக்குப் போகும் முன்பே ஒரு கடைக்காரர் மறித்து, "அங்க ஒரு மணி நேரம் ஆகுமுங்க, எங்கிட்ட வெச்சுட்டுப் போங்க, போனுக்கு அம்பது ரூபா" என்றார். ரசீது கிடையாது, ஒரு பிளாஸ்டிக் கூடைதான். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

சரி, மேலே போனதும் என்ன வித்தியாசம்? என் மாமியார் குள்ளம். தடைக்கு முன்பெல்லாம், சாயங்காலம் தங்கத்தேர் வரும்போது, முன்னால் நிற்பவர்கள் தூக்கிப் பிடித்த போன்களின் இடுக்கில்தான் அத்தை சாமியைத் தேடுவார். பாதி நேரம் யாரோ ஒருவரின் போன் திரையில் தெரியும் முருகனைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறார். இந்த முறையும் தேர் திரும்பியதும் "அரோகரா" என்று எல்லாக் கையும் தலைக்கு மேல் போனது. ஆனால் கும்பிட்ட கை ஒரு நொடியில் இறங்கிவிடுகிறது, போன் பிடித்த கை இறங்குவதில்லை. "மொகம் முழுசாத் தெரிஞ்சுது கண்ணு" என்று அத்தை என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார். எனக்கு அது போதும்.

வரிசையில் நிற்கும்போதும் அப்படித்தான். நாத்தனார் மகன் பிளஸ் டூ படிக்கிறான். முதல் கொஞ்ச நேரம் அவன் கை சும்மா சும்மா பாக்கெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் பாட்டியிடம், காலையில் ஆண்டிக் கோலத்தில் இருக்கிறவர் சாயங்காலம் சாயரட்சை பூஜைக்கு ஏன் ராஜாவாகிறார் என்று கேட்டான். அவர் மாம்பழத்தில் ஆரம்பித்து, இடும்பன் காவடி தூக்கி வந்த கதைக்குப் போய், தன் சின்ன வயதில் அப்பாவோடு பாதயாத்திரை வந்தபோது கால் கொப்பளித்து வழியில் யார் வீட்டுத் திண்ணையிலோ படுத்திருந்ததில் கொண்டுவந்து முடித்தார். மாம்பழக் கதை யூடியூபில் எத்தனையோ இருக்கிறது. அந்தத் திண்ணை எதிலும் கிடைக்காது. எங்களுக்குப் பின்னால் நின்ற குடும்பமும் காது கொடுத்துக் கேட்டது.

நான் கேமராவுக்கு எதிரி இல்லை. 2023 ஜனவரி 27 அன்று நடந்த குடமுழுக்கை, மூட்டு வலியில் நடக்க முடியாமல் கிடந்த அத்தை வீட்டு டிவியில்தான் பார்த்தார். கலசத்தில் தீர்த்தம் ஊற்றும்போது எழுந்து நின்று கும்பிட்டார். மலையேற முடியாதவர்களுக்கு நேரலை பெரிய உதவி, அது இன்னும் நிறைய வரட்டும். ஆனால் இவ்வளவு தூரம் நடந்து வந்து, சித்தர் போகர் ஒன்பது பாஷாணங்களைச் சேர்த்துச் செய்ததாகச் சொல்லும் அந்த நவபாஷாணத் திருமேனிக்கு எதிரே நிற்கக் கிடைப்பதே சில விநாடிதான். அதையும் ஸ்டேட்டஸுக்குப் படமெடுப்பதில் கழிப்பது எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது. அதனால்தான் இந்தத் தடையை இவ்வளவு ஆதரிக்கிறேன்.

போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை சில. போன் இல்லாவிட்டால் ஜிபேயும் இல்லை. அர்ச்சனைக்கும் மேலே பஞ்சாமிர்தம் வாங்கவும் சில்லறையாகப் பணம் எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் பிரிந்தால் எந்த இடத்தில் சந்திப்பது என்று ஏறும் முன்பே பேசி வையுங்கள், குழந்தைகள் சட்டைப் பையில் வீட்டார் பெயரும் நம்பரும் எழுதிய சீட்டு இருக்கட்டும்.

முக்கியமானது, ஏறின வழியிலேயே இறங்குங்கள். படிப்பாதையில் போனைக் கொடுத்துவிட்டு ரோப் காரில் இறங்கினால் தெற்கு கிரிவீதியில் வந்து நிற்பீர்கள், போனுக்காக மலையைப் பாதி சுற்ற வேண்டும். வயதானவர்கள் கூட இருந்தால் அது சிரமம். தங்கும் அறை பூட்டு நம்பகமானது என்றால், மற்ற போன்களை அங்கேயே வைத்துவிட்டு, குடும்பத்துக்கு ஒரு போனை மட்டும் கொண்டுவந்து கவுண்டரில் கொடுங்கள். வரிசை எல்லோருக்கும் இன்னும் சீக்கிரம் நகரும்.