கார்பன் டை ஆக்சைடு டீலைமிங்: கன்ட்ரோலருக்கு எந்த டியூனிங்?

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி டேனரிகளில் (தோல் பதனிடும் ஆலைகளில்) தோலில் ஏறிய சுண்ணாம்பை இறக்க, அதாவது டீலைமிங் செய்ய, அமோனியம் சல்பேட் போடுவது பழைய வழக்கம். அதற்குப் பதிலாக டிரம்முக்குள் கார்பன் டை ஆக்சைடு விட்டால் கழிவுநீரில் அமோனியா குறையும். ஆனால் வாயுவை அளந்து விடும் கன்ட்ரோலரை டியூன் செய்வது, அதாவது பி.எச். விலகினால் வால்வை எவ்வளவு நகர்த்த வேண்டும் என்று அமைப்பது, லேசான வேலையில்லை. வால்வைத் திறந்த பிறகு வாயு கரைந்து, தண்ணீர் சுற்றி வந்து, பி.எச். புரோப் அதைக் காட்டுவதற்குள் சில நிமிடங்கள் ஓடிவிடும்.

டியூனிங் முறைகளில் போட்டியில் இருப்பவை முக்கியமாக இரண்டு. ஒன்று, 1942-இல் வந்த சீக்லர்-நிக்கல்ஸ். இன்னொன்று லாம்டா டியூனிங். பதில் எவ்வளவு வேகமாக வர வேண்டும் என்பதை இதில் நாமே தீர்மானிக்கலாம், அந்த நேரத்தின் பெயர்தான் லாம்டா.

ஓர் உதாரணம். டெட் டைம் (வால்வு நகர்ந்த பின் பி.எச். அசையத் தொடங்கும் வரையுள்ள நேரம்) 3 நிமிடம், டைம் கான்ஸ்டன்ட் (அதன் பிறகு மாற்றத்தின் பெரும்பகுதி நடக்க ஆகும் நேரம்) 10 நிமிடம், புராசஸ் கெயின் (வால்வு மாற்றத்துக்குப் பி.எச். எவ்வளவு மாறுகிறது என்ற விகிதம்) 1 என்று வைத்துக்கொள்வோம். பி.ஐ. கன்ட்ரோலர் இப்போதைய விலகலையும், இதுவரை சேர்ந்த விலகலையும் (இன்டக்ரல்) பார்த்து வால்வை நகர்த்தும். முதலாவதன் பலம் கெயின், இரண்டாவதன் வேகத்தைக் குறிப்பது இன்டக்ரல் டைம். சீக்லர்-நிக்கல்ஸின் பி.ஐ. கணக்கில் கன்ட்ரோலர் கெயின் 3, இன்டக்ரல் டைம் 10 நிமிடம். லாம்டாவை 9 நிமிடமாக வைத்தால் கெயின் சுமார் 0.83, இன்டக்ரல் டைம் அதே 10. வித்தியாசம் முழுக்க கெயினில்தான், மூன்றரை மடங்குக்கும் மேல்.

சீக்லர்-நிக்கல்ஸின் குறியே, ஒவ்வொரு அலையும் முந்தையதில் கால் பங்காகக் குறைய வேண்டும் என்பது. அப்படியென்றால் முதல் அலை செட் பாயிண்டை (நாம் குறிவைத்த பி.எச்.சை) தாண்டத்தான் செய்யும். சூடாக்குகிற அடுப்பில் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். இங்கே கூடாது. முடி நீக்கப் போட்ட சல்ஃபைடு தோலில் மிச்சம் இருக்கும். பி.எச். 9-இல் அதில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான் ஹைட்ரஜன் சல்ஃபைடாக இருக்கும். 8-இல் பத்தில் ஒரு பங்கு, 7-இல் பாதி. டிரம் கதவைத் திறந்து குனிபவர் சுவாசிப்பது அந்தக் காற்றைத்தான். அளவு மீறி விட்ட வாயுவைத் திரும்ப எடுக்கவும் வழியில்லை, வால்வால் பி.எச்.சை இறக்க மட்டுமே முடியும். இதனாலேயே நான் லாம்டா பக்கம் நிற்கிறேன்.

‘மெதுவாக வைத்தால் பேட்ச் நேரம் கூடுமே’ என்பார்கள். கொஞ்சம் கூடலாம், ஆனால் பயப்படுகிற அளவுக்கு இல்லை. தோலின் தடித்த பகுதியில் ஒரு துண்டு வெட்டி, வெட்டுவாயில் ஃபினாஃப்தலீன் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். இரு ஓரமும் வெளுத்து, நடுவில் மட்டும் ரோஸ் கோடு நிற்கும். அந்தக் கோட்டிலுள்ள சுண்ணாம்பு வெளியே வருவது தோலின் தடிமனைப் பொறுத்தது. கெயினை ஏற்றினால் தண்ணீரின் பி.எச். வேகமாக விழும், நடுக்கோடு அந்த வேகத்தில் மறையாது.

இரண்டு முறைக்கும் பொதுவான ஓர் எச்சரிக்கை: ஸ்டெப் டெஸ்டை (வால்வைச் சட்டென்று ஓர் அளவு நகர்த்தி, பி.எச். எப்படி மாறுகிறது என்று அளப்பதை) எந்த பி.எச்.சில் செய்கிறீர்கள் என்பது முக்கியம். பி.எச். 10 வாக்கில் கார்பனேட் பஃபர் தாங்கிப் பிடிப்பதால் வாயு எவ்வளவு போனாலும் முள் நகராது. 8.3-ஐ நெருங்கும்போது அந்தத் தாங்கல் மெலிந்து, அதே அளவு வாயுவுக்குப் பி.எச். சட்டென்று சரியும். உங்கள் செட் பாயிண்ட் 8.5 என்றால் டெஸ்டை 9-க்குக் கீழேதான் எடுக்க வேண்டும். அதற்கு மேலான பி.எச்.சில் எடுத்த புராசஸ் கெயினை நம்பினால் லாம்டாவும் கவிழ்த்துவிடும்.

ஸ்மித் பிரிடிக்டர் (1957) என்ற இன்னொரு முறை டெட் டைமை மாடலில் கணித்துக் கழிக்கும், காகிதத்தில் அழகானது. ஆனால் தண்ணீர் அளவும் டிரம் சுற்றும் வேகமும் பேட்ச்சுக்குப் பேட்ச் மாறினால் டெட் டைமும் மாறும், கணிப்பு பிசகும். பி.எச். மாறும் வேகத்தைப் பார்த்து வால்வை நகர்த்தும் டெரிவேட்டிவ் வேண்டவே வேண்டாம், புரோபின் நடுக்கத்தை வால்வுக்குக் கடத்தும்.

இன்டக்ரல் அளவுக்கு மீறிச் சேராமல் தடுக்கும் ஆன்டி-வைன்டப்பைக் கட்டாயம் போடுங்கள். அது இல்லாவிட்டால், ஆரம்பத்தில் வால்வு முழுக்கத் திறந்தே நிற்கும் நேரமெல்லாம் இன்டக்ரல் சேர்ந்துகொண்டே போகும். செட் பாயிண்ட் வந்த பிறகும் வால்வு மூடாது. சிலிண்டர் ரெகுலேட்டருக்கு ஹீட்டரும் தேவை. விரியும் வாயு குளிர்ந்து ரெகுலேட்டர் உறைந்துவிட்டால், எந்த டியூனிங் போட்டிருந்தாலும் வாயு போகாது.