போஸ்ட்பிக்ஸில் லாகின்வாரி மெயில் வரம்பு: நீண்ட நாள் ஓட்டத்தில் தெரிந்தவை

போஸ்ட்பிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருளில், ஒரு லாகின் குறிப்பிட்ட நேரத்தில் எத்தனை பேருக்கு மெயில் அனுப்பலாம் என்று வரம்பு வைப்பது பற்றிய குறிப்பு இது. ஒருவரின் கடவுச்சொல் திருடுபோனால் ஒரே இரவில் கியூ (அனுப்பக் காத்திருக்கும் மெயில் வரிசை) நிரம்பி, சர்வரின் ஐபி கருப்புப் பட்டியலில் ஏறிவிடும். அந்தச் சேதத்தைச் சில நூறு மெயில்களோடு நிறுத்துவதே இந்த வரம்பின் வேலை.

போஸ்ட்பிக்ஸோடு வரும் ஆன்வில் என்ற எண்ணும் கருவி இதற்குப் போதாது. அது ஐபியைத்தான் எண்ணும். ஸ்பேம் அனுப்புபவர்கள் ஒரே கணக்கில் பல ஐபிகளிலிருந்து நுழைவார்கள். அனுப்புநர் முகவரியையும் நம்ப முடியாது, மாற்றிப் போடலாம். லாகின் பெயரை எண்ணும் பாலிசி சர்வர் (மெயிலை ஏற்கலாமா என்று போஸ்ட்பிக்ஸ் கேட்கும் தனி நிரல்) வேண்டும். அப்படிப்பட்ட போஸ்ட்எஃப்டபிள்யூடி (postfwd) வருடக்கணக்கில் ஓடியும் தொந்தரவு தராதது. 10040ஆம் போர்ட்டில் நிற்கும். 'ஒரு லாகினுக்கு 3600 விநாடியில் 200 பெறுநர், மீறினால் 450 4.7.1 (தற்காலிக மறுப்பு)' என்று ஒரே விதி போதும்.

பலரும் தவறுவது அதை அழைக்கும் இடத்தில். ஆர்சிபிடி கட்டத்தில் (பெறுநர் முகவரி ஒவ்வொன்றாக வரும்போது) பெறுநர் எண்ணிக்கையை போஸ்ட்பிக்ஸ் 0 என்றே தரும். ஆகவே எண்ட்-ஆஃப்-டேட்டா கட்டத்தில் (மெயில் முழுதும் வந்து முடிந்ததும்) அழைத்து, விதியில் மெயில்களை எண்ணும் 'ரேட்' கட்டளைக்குப் பதில் பெறுநர்களை எண்ணும் 'ஆர்சிபிடி' கட்டளையைப் பயன்படுத்துங்கள். மெயில்களை மட்டும் எண்ணினால், ஒரு மெயிலுக்கு 1000 பெறுநர் என்ற இயல்பு அளவில், 200 மெயில் 2 லட்சம் முகவரிக்குப் போய்விடும். அந்த 1000ஐயும் 100ஆகக் குறைப்பது நல்லது.

போஸ்ட்பிக்ஸின் மாஸ்டர்.சிஎஃப் கோப்பில், பயனர்கள் மெயில் அனுப்பும் 587, 465 போர்ட்டுகள் இரண்டின் கீழும் பாலிசி சர்வரை அழைக்கும் வரியைச் சேர்க்க வேண்டும். மதிப்பில் இடைவெளி விடாமல் காற்புள்ளியால் பிரியுங்கள். மற்ற சர்வர்களிடமிருந்து மெயில் வரும் 25ஆம் போர்ட்டில் லாகினை அணைத்துவிடுங்கள். இணையதளத்தின் பிஎச்பி நிரல் நேரடியாக சென்ட்மெயில் கட்டளை வழி அனுப்பும் மெயிலை எந்த விதியும் பார்க்காது. இணையதளப் படிவங்களும் வெப்மெயிலும் லாகினோடு 587 வழியே வரட்டும்.

சம்பளச் சீட்டு அனுப்பும் கணக்குக்குத் தனி வரம்பு கொடுத்தால், பொது விதியிலிருந்து அதை விலக்கவும் வேண்டும். 450 வந்தால் தண்டர்பேர்டு போன்ற மெயில் செயலி பிழை காட்டும். கியூ இல்லாத பில்லிங் மென்பொருளோ மெயிலைத் தொலைத்துவிடும். அத்தகைய கணக்குகளை முன்கூட்டியே கணக்கெடுங்கள்.

எண்ணிக்கை நினைவகத்தில்தான் இருக்கிறது. சேமிக்கும் தெரிவைப் போடாவிட்டால் ரீஸ்டார்ட்டில் பூஜ்யமாகும். பாலிசி சர்வர் விழுந்தால் எல்லாருக்கும் 451 4.3.5 என்ற தற்காலிகப் பிழை போகும். அதை 'டன்னோ' (முடிவு சொல்லாமல் விடு) என்று மாற்றி மெயிலை ஓடவிடலாம்தான், ஆனால் வரம்பும் சேர்ந்து போய்விடும். 451ஐயே வைத்து, லினக்ஸின் சேவை மேலாளரான சிஸ்டம்டி பாலிசி சர்வரைத் தானாக எழுப்பும்படி அமைப்பதே சரி.

வரம்பு மீறிய கணக்கில் கடவுச்சொல்லை மாற்றினாலும், ஏற்கெனவே லாகின் ஆன இணைப்பு தொடரும். கியூவில் ஏறியவை போய்க்கொண்டேயிருக்கும். லாகினைச் சரிபார்க்கும் டவ்காட்டில் ஆத் கேஷ் (சரிபார்த்த கடவுச்சொல்லின் தற்காலிக நினைவு) இயங்கினால் பழைய கடவுச்சொல்லும் சிறிது நேரம் செல்லும். கேஷைக் காலிசெய்து, இணைப்பை வெட்டி, பிறகு போஸ்ட்சூப்பர் கட்டளையால் அந்தக் கணக்கின் மெயில்களைக் கியூவிலிருந்து துடையுங்கள்.