கறிவேப்பிலைப் புள்ளிக்கு எது சரி: கார்பென்டசிமா, போர்டோ கலவையா, சூடோமோனாஸா?

ஐப்பசி மழை பிடித்ததும் வடசென்னையில் வியாசர்பாடி, தண்டையார்பேட்டைப் பக்கம் குழாயடிக் கறிவேப்பிலை மரங்களில் புள்ளி விழ ஆரம்பிக்கும். முதலில் ஓர் இலையை ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். கறுப்பு துணியோடு வந்துவிட்டால் அது கரித்தூளாகவோ, பூச்சிக் கழிவில் படர்ந்த கரும்பூஞ்சையாகவோ இருக்கும். துடைத்தும் பழுப்புப் புள்ளி போகாமல், இலை மஞ்சளாகி உதிர்ந்தால்தான் இந்த மருந்துகளுக்கு வேலை.

பூச்சிமருந்துக் கடையில் சட்டென்று கைக்கு வருவது கார்பென்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லி. லிட்டருக்கு 1 கிராம்; தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமே பரிந்துரைப்பதுதான். நன்றாகக் கேட்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் இது ஊடுருவிப் பாயும் மருந்து. இலைக்குள் போனதைக் கழுவி எடுக்க முடியாது. கறிவேப்பிலையில் மருந்து விழுகிற இடமே சாப்பாடு. காலையில் நீங்கள் தெளித்தது தெரியாமல் சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்கா ரசத்துக்குக் கிள்ளிப் போவார். நாலு குடித்தனத்துக்கு ஒரே மரம் என்றால் இது வேண்டவே வேண்டாம்.

போர்டோ கலவை 1885 வாக்கில் பிரான்சின் திராட்சைத் தோட்டங்களில் பேர் வாங்கியது. கேரளத்தில் ஜாதிக்காய் அழுகலுக்கும் 1 சதவீதக் கரைசலாக இதை அடிக்கிறார்கள். வீட்டுக்கு, 10 கிராம் மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) அரை லிட்டர் தண்ணீரிலும், 10 கிராம் சுண்ணாம்பை இன்னொரு அரை லிட்டரிலும் கரையுங்கள். பிளாஸ்டிக் வாளிதான், உலோகம் ஆகாது. துத்தநீரைச் சுண்ணாம்பு நீரில் ஊற்றிக் கலக்க வேண்டும். மாற்றி ஊற்றக் கூடாது. பழைய இரும்புக் கத்தியைக் கொஞ்ச நேரம் முக்கி எடுங்கள். அதில் செம்பு நிறம் ஏறினால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் சேருங்கள். அன்றைக்கே தெளித்து முடித்துவிட வேண்டும். செம்பு மேலேயே தங்கும், உள்ளே போகாது. கவாத்து செய்து மொட்டையாக நிற்கும் கிளையில் அடிப்பதுதான் என் கட்சி: கிள்ள இலையே இருக்காது. துளிரில் பட்டால் கருகும்.

துளிர் வந்த பிறகு சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாத் தூள். லிட்டருக்கு 5 முதல் 10 கிராம், வெயில் தாழ்ந்ததும். தூளை மெல்லிய துணியில் வடிகட்டாவிட்டால் தெளிப்பான் அடைத்துக்கொள்ளும். உயிருள்ள பாக்டீரியா என்பதால் போர்டோவோடு கலக்காதீர்கள். மெதுவாகத்தான் வேலை செய்யும். முற்றிய நோய்க்கு இது மட்டும் போதாது. லேசான புள்ளிக்கு இதுவே போதும்.

கந்தகம் மட்டும் வேண்டாம், கறிவேப்பிலைக்கு ஆகாது. அப்புறம், உதிர்ந்த இலையை மரத்தடியிலேயே கூட்டிக் குவிக்காதீர்கள். பூஞ்சை வித்து அதில் கிடந்து அடுத்த மழைத் தெறிப்பில் மேலே ஏறும்.